கப்ரியேல் ப்ருதான் வாதாடிய ஒரே வழக்கு

வக்கீல்கள் என்றால் எனக்கு ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வியட்நாமில், சைகோன் நீதிமன்றத்தில் கட்டுக் கட்டாகக் கோப்பு சுமந்து வயிறு வளர்த்த குமாஸ்தா நான். அந்தக் கறுப்பு அங்கிக்காரர்கள் வாயால் காட்டுகிற வித்தையைப் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்துச் சலித்தவன். ஆனாலும் கப்ரியேல் ப்ருதானைப் பற்றி நான்தான் சொல்லியாக வேண்டும். அவர் வீட்டுக்குக் கீழ் வீட்டில் குடியிருந்தவன் நான். அவருடைய குளியலறை ஜன்னல் எங்கள் சமையல்கட்டுக்கு நேர் மேலே இருந்தது. அந்த ஜன்னல் வழியாக எனக்குத் தெரிந்த கப்ரியேல், ஊருக்குத் தெரிந்த கப்ரியேல் இல்லை.

அவர் புதுச்சேரிக் கத்தோலிக்கர். அவருடைய தாத்தா சாதி வழக்கங்களைத் துறந்துவிட்டதாக எழுதிக் கொடுத்துப் பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வந்தவர். அப்படி வந்தவர்கள் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தாத்தா தேர்ந்தெடுத்தது ப்ருதான். முன்யோசனைக்காரன் என்று பொருள். தாத்தாவுக்கு எப்படியோ, பேரனுக்கு அந்தப் பெயர் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. கப்ரியேல் குடை வாங்கலாமா என்று யோசிக்கத் தொடங்கினால் மழைக்காலம் முடிந்த பிறகுதான் முடிவு சொல்வார்.

சட்டம் படித்து முடித்துச் சைகோனுக்கு வந்து, புவாரியே என்ற பிரெஞ்சு வக்கீலின் அலுவலகத்தில் சேர்ந்தார். வக்கீலைப் பிரெஞ்சுக்காரர்கள் மேத்ர் என்பார்கள். நம் ஆட்கள் வாயில் அது மேத்ரு. அந்த அலுவலகத்தில் வேலைப் பிரிவினை எளிமையானது. கப்ரியேல் மேத்ரு எழுதுவார், புவாரியே மேத்ரு பேசுவார். வழக்கின் தலைமுதல் கால்வரை கப்ரியேல் எழுதிக் கொடுத்ததைப் புவாரியே நீதிபதி முன்னால் எடுத்துவிட்டு, நடுநடுவே கையை விரித்து, கண்ணை மூடி, பெருமூச்சு விட்டு, பெயரை வாங்கிக்கொண்டு வருவார். கப்ரியேலும் அங்கி போட்டவர்தான். ஆனால் நீதிமன்றத்தில் அவர் வாயைத் திறந்து கேட்டதெல்லாம் வாய்தா ஒன்றுதான்.

"அடுத்த வழக்கு உனக்கு" என்று புவாரியே அவர் தோளில் தட்டுவார். இந்தத் தட்டல் பதினைந்து வருடம் நடந்தது. அதற்குள் ஜப்பான்காரன் வந்தான், போனான். வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். வடக்கே பெரிய யுத்தம் நடந்தது. அந்த அடுத்த வழக்கு மட்டும் வரவில்லை.

அவருக்கு வேறு பெரிய ஆசை எதுவும் கிடையாது. மாளிகை வேண்டாம், பாரிஸ் வேண்டாம். ஒரே ஒரு வழக்கை, தொடக்கத்திலிருந்து முடிவுவரை, தன் வாயால், ஒரு நீதிபதி கேட்கும்படி பேச வேண்டும். அவ்வளவுதான். அது நடக்கவில்லை என்பதால் குளியலறையில் பேசினார். காலையில் புவாரியே பேசிவிட்டு வந்த வழக்கை மாலையில் இவர் தன் போக்கில் பேசுவார். அந்தச் சின்ன அறையில் குரல் நன்றாக எதிரொலிக்கும். எங்கள் வீட்டில் சோறு வடித்துக்கொண்டே நான் கேட்பேன். சத்தியமாகச் சொல்கிறேன், புவாரியேயை விட இவர் பல மடங்கு நன்றாகப் பேசினார். எனக்கு எரிச்சலாக இருக்கும். இவ்வளவு நல்ல சரக்கு சோப்பு நுரையோடு சாக்கடைக்குப் போகிறதே என்று.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்துநான்கில் பிரெஞ்சுக்காரர்கள் வடக்கே தோற்றார்கள். நாடு இரண்டானது. சைகோன் துறைமுகத்தில் வெள்ளைக்காரக் குடும்பங்கள் பியானோவும் நாயுமாகக் கப்பல் ஏறின. அங்கே புதுச்சேரியில் கொடி மாறியது, இங்கே சைகோனில் தெருப் பெயர்கள் மாறின. புவாரியேயின் அலுவலகத்துக்கு வருகிற கட்சிக்காரர்கள் குறைந்தார்கள். வந்தவர்களும் கப்பல் எப்போது என்று கேட்கத்தான் வந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் மீரா சாகிப் கப்ரியேல் வீட்டுக்கு மாடி ஏறி வந்தார். மசூதிக்குப் பக்கத்தில் பெரிய ஜவுளிக்கடை வைத்திருந்த காரைக்கால் மரைக்காயர். கப்ரியேல் அவருக்கு எத்தனையோ வழக்கு எழுதிக் கொடுத்தவர். ஆனால் கடைக்குள் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. கட்சிக்காரர்தான் வக்கீலைத் தேடி வர வேண்டும், வக்கீல் கட்சிக்காரர் படி ஏறக்கூடாது என்பது அந்தக் காலத்துப் பிரெஞ்சு வக்கீல்களின் ஆசாரம். ஜன்னல் திரைக்குத் துணி வாங்கக்கூடத் தன் மனைவி மாதலேனை அந்தக் கடைக்கு அவர் விட்டதில்லை. அந்த அம்மாள் பென்தான் என்ற ஊர்ச் சந்தையில் அலைந்து மட்டமான துணியை வாங்கி வருவார், வருகிற வழியெல்லாம் திட்டிக்கொண்டே.

மீரா சாகிப் சுற்றி வளைக்கவில்லை. கடையிலேயே ஒரு வக்கீலை வைத்துக்கொள்ளப் போகிறேன், அது நீங்கள்தான் என்றார்.

"புவாரியே தொர வாய்க்கு இத்தன நாளு கொடுத்தேன். எழுதுற கை ஒங்களோடதுன்னு எனக்குத் தெரியாதா மேத்ரு? இனி கைக்கே நேரா கொடுத்துர்றேன். மாசம் பொறந்தா சம்பளம். மாடியில ஃபேன் வச்ச ரூம்பு."

இதில் ஒரு சிக்கல் இருந்தது. மாதச் சம்பளம் வாங்குகிறவன் வக்கீல் சங்கத்தில் இருக்கக் கூடாது. வக்கீல் என்பவன் யாருக்கும் சேவகன் ஆகக் கூடாதாம். சம்பளத்துக்குப் போனால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். அங்கி போட முடியாது, மேத்ர் என்று போட்டுக்கொள்ள முடியாது, நீதிபதி முன்னால் நின்று பேசவே முடியாது. புவாரியேயின் தொப்பியையும் குடையையும் தூக்கிக்கொண்டு படியிறங்குவது சேவகத்தில் சேராதாம். அதைக் கேட்டபோது நான் சிரித்தேன். கப்ரியேல் சிரிக்கவில்லை.

யோசிக்க ஆரம்பித்தார். மாதக்கணக்கில் யோசித்தார். குளியலறையில் இப்போது ஒரே வழக்குதான், மீரா சாகிப் கடைக்கும் அங்கிக்கும். ஒரு நாள் கடைக்காகப் பேசுவார்: அலுவலகம் கண்ணெதிரே காலியாகிக்கொண்டிருக்கிறது, புவாரியேயின் பெட்டி கட்டிலுக்கடியில் தயாராக இருக்கலாம், மூளைக்கு மதிப்புக் கொடுத்துக் கூப்பிடுகிற மனிதரை விட்டுவிட்டு யாருக்காகக் காத்திருக்கிறாய் என்று. மறுநாள் அங்கிக்காகப் பேசுவார்: பத்துப் பேருக்கு வேலை செய்கிறவன் சுதந்திரமானவன், ஒருவனுக்கு வேலை செய்கிறவன் அவன் வீட்டு ஆள், அப்புறம் ஆயுசுக்கும் வாயைத் திறக்க முடியாது என்று. இரண்டு பக்கமும் அபாரமாக இருக்கும். கடைசியாக எந்தப் பக்கம் பேசினாரோ அந்தப் பக்கம் ஜெயித்தது. மறுநாள் அப்பீல்.

மாதலேனுக்குப் பொறுமை போய்விட்டது. கதவைத் தட்டி, தண்ணி தீர்ந்துபோச்சு, தீர்ப்பை வெளிய வந்து சொல்லுங்க என்றது எங்கள் வீடு வரை கேட்டது.

தீர்ப்பைச் சொன்னது யுத்தம்தான். ஐம்பத்தைந்து வெயில் காலத்தில் புவாரியே காய்ச்சலில் விழுந்தார். ஓர் அரிசி ஆலை வழக்கு, பெரிய வழக்கு, நாள் குறித்தாகிவிட்டது. கப்ரியேல்தான் பேச வேண்டும். மாதலேன் கழுத்துப்பட்டையைக் கஞ்சி போட்டுத் தேய்த்துக் கொடுத்தார். அன்று காலை அவர் நீதிமன்றப் படி ஏறியதை நான் பார்த்தேன். கல்யாண மாப்பிள்ளைக்குக்கூட அவ்வளவு பூரிப்பு இருக்காது. வழக்கு எண்ணைக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்தார். அங்கியைச் சரி செய்துகொண்டார். அப்போது நகரத்தை ஒட்டிய சோலோன் பக்கத்திலிருந்து பீரங்கிச் சத்தம் வந்தது. அரசாங்கப் பட்டாளமும், அந்தப் பக்கத்தைக் கைக்குள் வைத்திருந்த பின்சுயேன் என்ற ஆயுதக் கும்பலும் நகரத்துக்குள்ளேயே மோதிக்கொண்டார்கள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நீதிபதி தொப்பியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

கப்ரியேல் இன்னும் நின்றுகொண்டிருந்தார். நான்தான் போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தேன்.

நீதிமன்றம் மறுபடி திறந்தபோது புவாரியேக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. அவரே வந்து பேசினார், ஜெயித்தார், கப்ரியேலின் தோளில் தட்டினார். அன்று மாலை குளியலறையில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது. மறுநாள் கப்ரியேல் மீரா சாகிப் கடைப் படியை முதன்முதலாக ஏறினார்.

அதே வருடம் புவாரியேயும் கப்பல் ஏறினார். அலுவலகப் பலகையைக் கழற்றும்போது, கப்ரியேல் மட்டும் இருந்திருந்தால் எல்லாவற்றையும் அவனிடமே விட்டுப் போயிருப்பேன் என்று பார்த்தவரிடமெல்லாம் சொன்னாராம். கொடுக்க முடியாத நேரத்தில் கொடுப்பதில் அந்த மனிதர் எப்போதும் தாராளம்.

கடையில் முதல் மாதம் எல்லோரும் அவரை மேத்ரு என்றார்கள். அடுத்து வக்கீல் ஐயா ஆனார். வருடம் திரும்புவதற்குள் மாடி ஐயா ஆகிவிட்டார். ஃபேன் உண்மையிலேயே இருந்தது, ஆனால் பாப்ளின் மூட்டைகளைப் பூச்சி அரிக்காமல் இருக்க அதன் பக்கமாகத் திருப்பி வைத்திருந்தார்கள். சுங்கத்துக்குப் போகிற பத்திரம், யாரோ ஒருவர் மகளுக்குப் பிறப்புச் சான்று, கான்வென்ட் மதருக்கு விண்ணப்பம், கணக்கப்பிள்ளையின் மச்சான் செய்த குடும்பத் தகராறு என்று எல்லாம் அவர் மேசைக்கு வந்தன. வராத ஒன்று வழக்கு.

இன்னொன்றும் நடந்தது. அலுவலகத்தில் இருந்த காலத்தில் கப்ரியேல் ஒரு வார்த்தை சொன்னால் மீரா சாகிப் அதைத் தலைமேல் வைத்துக்கொண்டு போவார். இப்போது கூப்பிட்ட குரலுக்கு மாடியிலிருந்து இறங்கி வருகிற ஆள் சொல்வதில் என்ன விசேஷம் இருக்கப்போகிறது? ஒரு முறை கப்பல் கம்பெனியோடு தகராறு. கப்ரியேல் ஒரு வழி சொன்னார். மீரா சாகிப் தாடியைத் தடவினார். எதற்கும் வெளியே ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம் என்று இளம் வியட்நாமிய வக்கீல் ஒருவரிடம் போனார். கோப்பைச் சுமந்துகொண்டு போனது கப்ரியேல். கட்சிக்காரர்கள் உட்காருகிற பெஞ்சில் உட்கார்ந்திருந்ததும் அவர்தான். அந்த வக்கீல் அச்சு அசலாக இவர் சொன்னதையே சொன்னார். மீரா சாகிப் வெளியே வந்து, என்ன மூளை, என்ன மூளை என்று சிக்லோ என்கிற மூன்று சக்கர வண்டியில் வழியெல்லாம் வியந்தாராம். கப்ரியேல் இதை எனக்குச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் வயிறு எரிந்தது.

ஐம்பத்தாறில் அரசாங்கம் ஒரு சட்டம் போட்டது. வெளிநாட்டார் இன்ன இன்ன வியாபாரம் செய்யக் கூடாது. ஜவுளியும் அதில் ஒன்று. நம் ஆட்கள் கதிகலங்கிப் போனார்கள். மீரா சாகிப் தப்பித்தார், ஏனென்றால் அவர் மனைவி மதார் பீவி பிறப்பால் வியட்நாமியப் பெண். மீதோ என்ற ஊர்ப் பக்கத்துக்காரர். நிக்காஹ் ஆனபோது பெயரும் மார்க்கமும் மாற்றிக்கொண்டு, காரைக்கால் தமிழையும் சுத்தமாகக் கற்றுக்கொண்டவர். கடையை அவர் பெயருக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது.

மாற்றும் பத்திரத்தைக் கப்ரியேல் எழுதினார். நான் படித்துப் பார்த்தேன். அதில் ஓர் ஊசி நுழைய இடமில்லை. யாரும் எந்தக் காலத்திலும் மதார் பீவியிடமிருந்து அந்தக் கடையைப் பிடுங்க முடியாது, மீரா சாகிப் உட்பட. சாகிப் பழைய நாற்காலியிலேயே உட்கார்ந்து பழைய வெற்றிலைப் பெட்டியையே திறந்தார். ஆனால் சாவிக்கொத்து அம்மாள் இடுப்புக்குப் போய்விட்டது.

மதார் பீவிக்குக் கணக்கு நன்றாக வரும், மனிதர்களையும் சேர்த்து. சில மாதம் பொறுத்துப் பார்த்தார். பிறகு ஒரு நாள் தானே மாடி ஏறி வந்து, கப்ரியேலுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"அண்ணே, கோர்ட்டுல இப்ப எங்க வியட்நாம் பாஷதான் பேசணுமாம். ஒங்களுக்கு அதுல மீன் வாங்கத்தான் தெரியும். பேசத் தெரிஞ்ச வக்கீலு ஒருத்தர தேவப்படுறப்ப கூப்ட்டுக்கிறேன். கோவிச்சுக்கிடாதீய."

கப்ரியேல் கோபித்துக்கொள்ளவில்லை. அம்மாள் சொன்னதில் தப்பு எதுவும் அவருக்குத் தென்படவில்லை, அதுதான் அவருடைய கஷ்டம். ஆனால் மதார் பீவி எழுந்திருக்கவில்லை. இன்னும் ஒரு காரியம் பாக்கி இருந்தது.

"வேலய வுட்டு நிறுத்துனா மொறயா ஒரு கடுதாசி குடுக்கணுமாமே. நாளக்கி யாரும் கொற சொல்லாம இருக்கணும். அத நீங்களே எழுதிக் குடுத்துருங்க. ஒங்களாட்டம் எழுத யாரு இருக்கா?"

எழுதிக் கொடுத்தார். தன்னை வேலையிலிருந்து நீக்கும் கடிதத்தைத் தானே உட்கார்ந்து எழுதி, இரண்டு இடத்தில் திருத்தி, சுத்தப் பிரதி எடுத்து, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டி, அம்மாள் போட்டதும் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வேறு எந்த ஜாதி மனிதனும் இதைச் செய்ய மாட்டான். வக்கீல்தான் செய்வான், அதிலும் இந்த வக்கீல்தான்.

அன்று மேல்வீட்டில் நடந்த சண்டையைக் கேட்க ஜன்னல் தேவைப்படவில்லை. எழுதினதுதான் எழுதினீங்க, ஒரு ஓட்டயாவது வச்சு எழுதியிருக்கக் கூடாதா என்று மாதலேன் அழுதார். அதற்குக் கப்ரியேல் சொன்ன பதிலை நான் மறக்கவே இல்லை.

"அவங்க கையெழுத்துப் போடற வரைக்கும் நான் அவங்க வக்கீல் மாதலேன். கட்சிக்காரருக்கு ஓட்டக் கடிதம் எழுதித் தர முடியுமா?"

ஒரு வாரம் சத்தமில்லை. அப்புறம் ஒரு மாலையில் குளியலறையிலிருந்து பேச்சு கேட்டது. நான் அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டேன். தான் எழுதிய கடிதத்தைத் தானே வாதத்தால் கிழிகிழியென்று கிழித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் என்னிடம் வந்து, தொழிலாளர் நீதிமன்றத்தில் மனுப் போடுவது எப்படி என்று விசாரித்தார். வேலை போன கூலிக்காரர்களும் ரப்பர் தோட்டத்து ஆட்களும் போகிற இடம் அது. வக்கீல் வேண்டாம், அவனவன் தன் வழக்கைத் தானே நின்று பேசலாம். அங்கி போட்டிருந்த வரைக்கும் அந்தக் கதவு அவருக்குத் திறந்திருக்காது. சம்பளக்காரர் ஆனதால், அதிலும் சம்பளம் போனதால், இப்போது திறந்தது. தோற்றுப்போவீர்கள் என்றேன். தெரியும் என்றார், மிகவும் சந்தோஷமாக.

விசாரணை அன்று நானும் போய் ஓரமாக நின்றேன். மாதலேன் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார். மதார் பீவி முக்காட்டைச் சரி செய்துகொண்டு, கடிதத்தின் நகலை மடியில் வைத்திருந்தார். நீதிபதி வியட்நாமியர், சின்ன வயது, ஹனோயில் பிரெஞ்சில் சட்டம் படித்தவர். ஆனால் நீதிமன்றத்தில் பிரெஞ்சு இனி செல்லாது. அந்நிய பாஷையில் பேசுகிறவருக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அந்த வேலைக்கு ஒரு கிழவர் இருந்தார். தினமும் முப்பது கூலி வழக்கைச் சொல்லிச் சொல்லிக் களைத்தவர்.

கப்ரியேல் எழுந்தார். அங்கி இல்லை, பழைய வெள்ளைக் கோட்டுதான். பீரங்கிச் சத்தம் ஏதாவது வருகிறதா என்று எனக்கு ஒரு நொடி பயமாகவே இருந்தது. வரவில்லை. அவர் பிரெஞ்சில் பேசினார்.

வக்கீல்கள் எனக்கு ஆகாது என்றேன். அன்று ஒரு வார்த்தை தவறாமல் கேட்டேன். தன் கடிதத்தின் ஒவ்வொரு வரியையும் எடுத்து, அது எவ்வளவு பலமானது என்று முதலில் காட்டி, பிறகு அதன் அடியில் இருக்கிற அநியாயத்தைக் காட்டினார். ஒரு வக்கீலை வீட்டுக்குள் அழைக்கிறவர் அவனுடைய கைகளை மட்டும் அழைப்பதில்லை, அவன் போகக்கூடிய மற்ற எல்லாக் கதவுகளையும் சாத்திவிட்டுத்தான் அழைக்கிறார், அப்படிச் சாத்தியவருக்கு ஒரு கடமையும் இல்லையா என்று கேட்டார். கையை விரிக்கவில்லை, கண்ணை மூடவில்லை. குரல் மட்டும். நீதிபதி விசிறியைக் கீழே வைத்துவிட்டு முன்னால் சாய்ந்து கேட்டார். அவருக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரிந்தது.

கப்ரியேல் முடித்தார். நீதிபதி மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தார். சட்டப்படி கிழவர் சொல்வதுதான் பதிவாகும். கிழவர் எழுந்து, தொண்டையைச் செருமி, வியட்நாமிய மொழியில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

"வேலை போனதில் இவருக்கு வருத்தமாம்."

அதை அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கிழவரை அடித்திருப்பேன். நீதிபதி கடிதத்தை வாங்கி, நிதானமாக இரண்டு முறை படித்தார். இதை யார் எழுதியது என்று கேட்டார். மதார் பீவி ஒளிக்காமல் கப்ரியேலைக் காட்டினார். நீதிபதி கப்ரியேலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கடிதத்தில் குறை எதுவும் இல்லை, மனு தள்ளுபடி என்று சொல்லி அடுத்த எண்ணைக் கூப்பிட்டார். சோலோன் அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிற ஒருவன் எழுந்து வந்தான்.

வெளியே வராந்தாவில் கப்ரியேல் முகம் பளபளவென்று இருந்தது. தோற்று வந்தவர் போலவே இல்லை. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, மாதலேன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். எப்படி இருந்தது என்று கேட்க வெட்கப்படுகிறார் என்று எனக்குப் புரிந்தது.

மாதலேன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கோபமா, பெருமையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டும் இருந்திருக்கும்.

"இவ்ளோ நல்லா பேசற மனுஷன், பதினஞ்சு வருஷமா யார கேட்டு வாய மூடிக்கிட்டிருந்தீங்க?"

எதற்கும் இரண்டு பக்கத்துக்கும் பேசக்கூடிய மனிதர் அவர். அன்று ஒரு பக்கத்துக்குக்கூட அவரிடம் வார்த்தை வரவில்லை. முகத்தில் இருந்த வெளிச்சம் மெல்ல இறங்கியது. படியில் அப்படியே உட்கார்ந்தார். மாதலேனும் சேலையை ஒதுக்கிக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் சிக்லோ கூப்பிடப் போனேன்.